ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்: பிளாஸ்டிக் டாங்கி மாடல் செய்யத் தொடங்குபவர்களுக்கு

பெட்டியின் மேல் 1/35 என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பதை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 35 மடங்கு பெருக்கினால் நிஜ டாங்கி கிடைக்கும் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய டைகர் 1, பீரங்கிக் குழலையும் சேர்த்து 8.45 மீட்டர் நீளம். 1/35 அளவில் அது 24 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். 1/48 அளவில் பதினேழரை சென்டிமீட்டர். 1/72 அளவில் 12 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

டாங்கி மாடல்களில் 1/35 தான் ராஜா. இந்த எண்ணை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு எடுக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம், மோட்டார் வைத்து ஓடும் பான்தர் டாங்கி ஒன்றைத் தயாரித்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற அளவுக்கு உடலை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது நிஜத்தில் கிட்டத்தட்ட 35இல் ஒரு பங்காக இருந்தது. அடுத்தடுத்த கிட்களும் (பாகங்களை ஒட்டி நாமே கட்டும் மாடல் பெட்டிகள்) அதே அளவில் வந்தன, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

இந்த 35 மடங்குக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பாதி சந்தேகங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். மாடலில் 1 மில்லிமீட்டர் பசை பிதுங்கி நின்றால், நிஜ டாங்கியில் அது மூன்றரை சென்டிமீட்டர் தடித்த கட்டி. பிரஷ் நுனியால் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீறல் போட்டால், அது ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்த இடம். ஒரு டாங்கியில் அப்படி ஒரு காயம் எப்படி விழுந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. வெதரிங் என்பது மாடலை அழுக்காக்குவது இல்லை. அந்த வண்டிக்கு என்னென்ன நடந்தது என்பதை அதன் உடம்பில் எழுதுவது.

முதல் கிட்

முதல் கிட்டுக்கு உள்பக்கம் முழுக்க, எஞ்சின் முதல் குண்டு அடுக்குகள் வரை கொடுக்கும் 1000 உதிரிப்பாக கிட்களைத் தேடிப் போகாதீர்கள். முடிப்பதற்குள் அலுத்துவிடும். இருநூறு முந்நூறு பாகங்கள் உள்ள எளிய கிட் போதும்.

எந்த டாங்கி என்று கேட்டால், சோவியத் டி-34 என்று சொல்வேன். காரணம் சக்கரங்கள். டி-34இல் பக்கத்துக்கு 5 பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. முதலில் வந்த டைகர் 1இல் பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3 சக்கரத் தட்டு. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு மொத்தம் 48 தட்டுகள். அத்தனையின் விளிம்பையும் தேய்த்து, பெயின்ட் அடித்து, ரப்பர் விளிம்புக்குத் தனி நிறம் கொடுத்து முடிப்பதற்குள் புதியவருக்கு ஆர்வமே போய்விடும். டைகர் அழகான வண்டிதான். அதை மூன்றாவது, நான்காவது கிட்டாக வைத்துக்கொள்ளலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட கூர்மையான நிப்பர், மாற்று பிளேடு போடக்கூடிய சிறு கத்தி, சாமணம், 400, 600, 1000 எண் உப்புத்தாள், பிளாஸ்டிக் பசை, கொஞ்சம் சூப்பர் குளூ. கத்தி பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடைத்தான் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலில் இறங்கும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் சின்னக் காம்புகளால் பிடித்தபடி வரும். காம்பைப் பாகத்தை ஒட்டியே ஒரேயடியாக வெட்டினால், பிளாஸ்டிக் நசுங்கி வெட்டிய இடம் வெள்ளையாகும், சில நேரம் பாகத்தில் ஒரு துணுக்கும் பிய்ந்து வரும். முதல் வெட்டு சற்றுத் தள்ளி. பாகம் கையில் வந்தபின், மிச்சக் காம்பை இரண்டாவது வெட்டில் எடுங்கள். அப்புறமும் நிற்கும் மொட்டைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் சமன் செய்யுங்கள்.

அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், பாகத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு மேடு ஓடும். கத்தி முதுகை நிமிர்த்திப் பிடித்து அதன் மேல் சுரண்டினாலே போய்விடும். பீரங்கிக் குழல் இரண்டு நீளப் பாதிகளாக வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் தட்டையாகி, குழல் வட்டமாக இருக்காது. உப்புத்தாளைக் குழலைச் சுற்றி வளைத்துப் பிடித்து, குழலை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். டாங்கியைப் பார்க்கிற எவர் கண்ணும் முதலில் போகும் இடம் அந்தக் குழல்தான்.

ஒன்று எச்சரிக்கிறேன். எல்லா மேடு பள்ளமும் குறை இல்லை. டி-34இன் டரெட்டுகளில் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடு) பெரும்பாலானவை மணல் அச்சில் எஃகை உருக்கி வார்த்தவை, மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். கிட்டில் அது வழவழப்பாக வந்தால், கொஞ்சம் பட்டியை நீர்க்கக் கரைத்துப் பூசி, காய்வதற்குள் முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால் வார்ப்பு எஃகின் தோற்றம் வந்துவிடும். உடலின் பக்கத் தகடுகளோ உருளையில் தட்டையாக்கிய எஃகு, அவை வழவழப்பாகவே இருக்கட்டும். தகடுகள் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கும், அதை இடைவெளி என்று நினைத்து பட்டி போட்டு மூடிவிடக் கூடாது. இது எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பசைக்கு வருவோம். மாடல்களுக்கான பசை, சாதாரணப் பசை போல நடுவில் நின்று இரண்டையும் பிடித்து வைப்பதில்லை. கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். பசையில் இருக்கும் கரைப்பான் இரண்டு பாகங்களின் ஓரத்தையும் கரைக்கிறது. கரைந்தவை ஒன்றோடொன்று கலக்க, கரைப்பான் ஆவியாகி, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. அதனால்தான் தண்ணீர் போல மெல்லிய பசை டாங்கி வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. பாகங்களை முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் அப்படியே பிடித்துக்கொண்டு, பசை பிரஷ் நுனியை இணைப்புக் கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் தொடுங்கள். பசை அந்த இடுக்கின் வழியே தானாக ஓடிப் பரவும்.

அப்படி ஓடும்போது உங்கள் விரல் இணைப்புக் கோட்டின் மேல் இருந்தால், பசை விரலுக்கு அடியிலும் ஓடும். விரலை எடுத்தால் ரேகை அச்சு அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். பதிந்துவிட்டால் துடைக்காதீர்கள், மென்மையாக இருப்பது இன்னும் இழுபடும். ஒரு நாள் இறுக விட்டு, மறுநாள் உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். சூப்பர் குளூ, பித்தளைத் தகட்டுப் பாகங்களும் ரெசின் பாகங்களும் இருந்தால் அவற்றுக்கு. பிளாஸ்டிக் பசை அவற்றைக் கரைக்காது, ஆகவே ஒட்டாது.

சக்கரமும் ட்ராக்கும்

ஒரு டாங்கி எடையுள்ளதாகத் தெரிகிறதா, பொம்மையாகத் தெரிகிறதா என்பதைத் தீர்மானிப்பது கீழ்ப்பகுதி. டி-34 முப்பது டன் எடை, டைகர் 1 ஐம்பது டன்னுக்கும் மேல். அவ்வளவு எடையுள்ள வண்டி சமதரையில் நிற்கும்போது எல்லாச் சக்கரமும் தரையில் அழுந்தித்தான் நிற்கும். மாடலில் ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தால், அது தரைக்கு மேல் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மிதக்கிறது என்று பொருள். சக்கரக் கைகளை ஒட்டியவுடன், பசை இறுகுவதற்குள், சக்கரங்களை மாட்டி வண்டியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, மேலே லேசாகக் கனம் வைத்துக் காய விடுங்கள். சக்கரங்களைப் பெயின்ட் வேலைக்காகக் கழற்றும்படி விட்டுவைப்பது நல்லது.

சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான ட்ராக் மூன்று விதமாக வரும். ரப்பர் போன்ற ஒரே வளையம், நீளத் துண்டுகளும் தனிக் கண்ணிகளும் கலந்தது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. முதல் கிட்டுக்கு முதலிரண்டில் ஏதாவது போதும். கவனிக்க வேண்டியது தொய்வு. டி-34, டைகர் இரண்டிலும் ட்ராக்கின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. இரும்புச் சங்கிலி தன் எடையாலேயே தொங்கிச் சக்கரங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் வளையம் தானாகத் தொங்காது, இறுக்கமாக நேர்கோட்டில் நிற்கும். சக்கரத் தலையில் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து அழுத்திப் பிடித்தால் நிஜத் தொய்வு கிடைக்கும். அமெரிக்க ஷெர்மனில் இதைச் செய்யக் கூடாது. அதில் மேலே தாங்கும் உருளைகள் உண்டு, ட்ராக் ஓரளவு நேராகவே ஓடும்.

ட்ராக் கண்ணிக்கு முன், பின் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே திசையில் பார்க்கிறதா என்று செய்முறைத் தாளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பெயின்ட்

கட்டி முடித்த உடலை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தபின் பிரைமர் என்ற அடிப்பூச்சு. பிரைமர் அடித்தவுடன்தான் நீங்கள் தவறவிட்ட இணைப்புக் கோடுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சலிக்காமல் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள். இப்போது விட்டால், பின்னால் வாஷ் (நீர்த்த கருநிறப் பூச்சு) கொடுக்கும்போது அந்தக் கோட்டில் கறுப்பு இறங்கி உட்கார்ந்து எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும்.

காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய படலங்களாக அடிக்கலாம். இல்லையென்றால் ஸ்ப்ரே கேன், அதுவும் இல்லையென்றால் பிரஷ். பிரஷ்ஷிலும் நன்றாக வரும். தடியாக ஒரு பூச்சு வேண்டாம், நீர்த்த பூச்சாக மூன்று போடுங்கள். ஸ்ப்ரே செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

எந்த நிறம் என்ற விஷயத்தில் புதியவர்கள் படும் கவலைக்கு அளவே இல்லை. கொஞ்சம் ஆறுதல் சொல்கிறேன். ஜெர்மானிய டாங்கிகள் 1943 பிப்ரவரி வரை பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறம், ஆர்ஏஎல் என்ற ஜெர்மானிய நிறப் பட்டியலில் எண் 7021. அதன்பின் தொழிற்சாலையிலேயே கருமஞ்சள், ஆர்ஏஎல் 7028. அதன் மேல் போட வேண்டிய பச்சையையும் செம்பழுப்பையும் களிம்பாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் கிடைத்ததை, தண்ணீரையோ பெட்ரோலையோ ஊற்றிக் கரைத்து அடித்தார்கள். கரைத்தவர் கைப்பக்குவத்தைப் பொறுத்து அடர்த்தி மாறியது. வெயிலில் மங்கியது. ஆகவே புட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மயிரிழை பிசகாத நிறம் என்று ஒன்று போர்க்களத்தில் இருந்ததில்லை. அதைவிட முக்கியம், புட்டி நிறத்தோடு கொஞ்சம் வெளிர் நிறம் கலந்து அடிப்பது. நிஜ டாங்கியைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது நடுவில் உள்ள காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. கையளவு மாடலுக்கு அந்த வெளிறலை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாடல் கருத்து, கனத்துத் தெரியும்.

எண்கள், நட்சத்திரங்கள் போன்ற டீகால்களை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) மேட் பரப்பில், அதாவது பளபளப்பில்லாத பரப்பில், நேரடியாக ஒட்டாதீர்கள். மேட் பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது. டீகாலுக்கு அடியில் காற்று சிக்கி, ஓரம் வெள்ளி போல மின்னும். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அதன் மேல் டீகால், அதன் மேல் மறுபடி ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

வெதரிங்: கரைப்பான்களின் வரிசை

வெதரிங்கில் கை வைக்கும் முன் ஒரு அடிப்படை புரிந்திருக்க வேண்டும். அடிநிறம் அக்ரிலிக், அதன் மேல் பாதுகாப்புக்கு வார்னிஷ். வெதரிங்குக்கு எனாமல் அல்லது ஆயில் பெயின்ட். எனாமலையும் ஆயிலையும் கரைக்கும் வாசனையற்ற தின்னர், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. அதனால் ஒரு கறை பிடிக்கவில்லை என்றால், தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அடிநிறம் அப்படியே இருக்கும். இது தெரிந்தபின் பயம் பாதி குறைந்துவிடும். தின்னரை மட்டும் குளம் கட்ட விடாதீர்கள். உடலின் உள்பக்கத்துப் பெயின்ட் அடிக்காத இணைப்புகளில் இறங்கினால், இறுக்கமாக நிற்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

முதலில் வாஷ். அடிநிறத்தைவிடக் கருத்த எனாமலை நிறையத் தின்னரில் கரைத்தது. பச்சை டாங்கிக்குக் கரும்பழுப்பு நன்றாக இருக்கும், சுத்தக் கறுப்பு எதற்கும் நன்றாக இருக்காது. வண்டி முழுக்கப் பூசுகிற பழக்கம் முன்பு இருந்தது. அதைவிட, விவரங்களைச் சுற்றி மட்டும் கொடுப்பதே என் தேர்வு. மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, ஒரு போல்ட்டின் அடியில் நுனியைத் தொடுங்கள். திரவம் போல்ட்டைச் சுற்றி வளையமாக ஓடி நிற்கும். தகடு சேரும் கோட்டில் தொட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, தின்னரில் தொட்டுத் துடைத்த ஈரமான பிரஷ்ஷால் வெளியே கசிந்ததை மட்டும் இழுத்து எடுங்கள். போல்ட் தகட்டிலிருந்து எழுந்து நிற்கும். நிஜத்தில் அங்கே நிழலும், ஈரத்தோடு சேர்ந்து ஒதுங்கிய அழுக்கும் இருக்கும். வாஷ் அதைத்தான் காட்டுகிறது.

அடுத்து பெயின்ட் உரிசல். இங்கேதான் எல்லோருக்கும் கை நிற்காது. ஓரம் தெரிகிற இடமெல்லாம் உரித்துவிடத் தோன்றும். நாலைந்து பேர் அந்த வண்டியில் ஏறி இறங்குவதைக் கற்பனை செய்யுங்கள். எங்கே கால் வைத்து ஏறுவார்கள்? எதைப் பிடிப்பார்கள்? எந்த மூடியைத் திறந்து எங்கே சாத்துவார்கள்? மட்கார்டின் முன்முனை, ஏறும் வழியில் உள்ள விளிம்பு, மூடியின் சுற்று, கைப்பிடி, மண்வெட்டியும் கடப்பாரையும் மாட்டியிருக்கும் கொக்கிகளின் பக்கம். உரிசல் அங்கேதான் அடர்த்தியாக இருக்க வேண்டும். டரெட்டின் பின்பக்கத்து நடுத்தகட்டில் யார் போய் உரசப் போகிறார்கள்? அங்கே ஒன்றிரண்டு போதும், அல்லது ஒன்றுமே வேண்டாம்.

முறை எளிது. கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் பெயின்ட்டைத் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, விளிம்பில் லேசாக ஒற்றுங்கள். முதலில் அடிநிறத்தின் வெளிறிய சாயல். இது மேல்பூச்சு மட்டும் சிராய்த்த இடம். பிறகு மெல்லிய பிரஷ்ஷால், அந்த வெளிர் புள்ளிகளில் பெரியவற்றின் நடுவில் மட்டும் கரும்பழுப்பு. இது இரும்பு வரை போன இடம். சுற்றிலும் மிஞ்சும் வெளிர் ஓரம், பெயின்ட்டுக்கு ஒரு தடிமன் இருப்பது போன்ற தோற்றத்தைக் கொடுக்கும். புள்ளி 0.3 மில்லிமீட்டர் இருந்தாலே அது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர். கணக்கை மறக்காதீர்கள்.

குளிர்காலத்து வெள்ளைப் பூச்சுள்ள டாங்கிக்கு ஹேர் ஸ்ப்ரே முறை அருமையானது. அந்த வெள்ளையை வீரர்கள் பனிக்காலத்துக்காக மேலோட்டமாகப் பூசினார்கள், கைபட்டும் மழைபட்டும் சீக்கிரம் போய்விடும். பச்சை அடிநிறத்தையும் வார்னிஷையும் முடித்து, அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே, காய்ந்ததும் வெள்ளை அக்ரிலிக். சற்று நேரத்தில் அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தால், அடியில் ஹேர் ஸ்ப்ரே கரைந்து வெள்ளை திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வரும். நிஜத்தில் தேய்ந்தது போலவே மாடலிலும் தேய்ந்து போகிறது. அதனால்தான் பிரஷ்ஷால் வரைந்து கொண்டுவர முடியாத உண்மைத்தன்மை அதில் வருகிறது.

துரு பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மாடல் டாங்கிகளில் துரு அளவுக்கு மீறிப் போடப்படுகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஓட்டை விழுந்த மாதிரி கவசத்தைத் துருப்பிடிக்க வைப்பது, வயலில் பல வருடம் கைவிடப்பட்ட வண்டிக்குப் பொருந்தும். போர்முனையில் ஓடிக்கொண்டிருந்த டாங்கிகளில் பல சில மாதங்கள்கூட உயிரோடு இருந்ததில்லை. தடித்த எஃகுக் கவசம் அதற்குள் அரித்துப் போகாது. உரிந்த இடம் கரும்பழுப்பாகும், மழை பெய்தால் அதிலிருந்து மெல்லிய பழுப்புக் கோடு வழியும். அவ்வளவே. சைலன்சர் மட்டும் விதிவிலக்கு. சூட்டில் பெயின்ட் எரிந்துபோய், சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டு, அது உண்மையிலேயே கனமாகத் துருப்பிடிக்கும். அங்கே பழுப்பு, செம்பழுப்பு, ஆரஞ்சுத் தூள் என்று உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

வழிந்த கோடுகளுக்கு ஆயில் பெயின்ட். ட்யூபிலிருந்து எடுத்ததை அரை மணி நேரம் அட்டையின் மேல் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும், பெயின்ட் பளபளக்காமல் காயும். நுனி பிரஷ்ஷால் ஒரு போல்ட்டின் அடியிலோ உரிசலின் அடியிலோ சின்னப் புள்ளி வையுங்கள். தின்னரில் நனைத்துத் துணியில் நன்றாகத் துடைத்த தட்டை பிரஷ்ஷால் புள்ளியைக் கீழ்நோக்கி இழுங்கள். இரண்டு, மூன்று முறை. புள்ளி கோடாகி, கோடு மங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வந்தால் நிறுத்துங்கள். தண்ணீர் கீழ்நோக்கி மட்டுமே ஓடும் என்பதால், நிமிர்ந்த தகட்டில் செங்குத்தாகவும், முன்பக்கச் சாய்வுத் தகட்டில் சாய்வின் வழியாகவும் இழுக்க வேண்டும். பல டி-34களின் பின்பக்கவாட்டில் உருளை வடிவ எரிபொருள் டிரம்கள் இருக்கும். அவற்றின் மூடியைச் சுற்றி, கரும்பழுப்பு ஆயிலோடு துளி பளபளப்பு வார்னிஷ் கலந்து ஒரு கறை வையுங்கள். பழைய கறை அகலமாக, மங்கலாக. அதன் மேல் புதிய கறை குறுகலாக, ஈரமாக மின்னிக்கொண்டு. அவசரத்தில் எரிபொருள் ஊற்றியவர் சிந்தியது ஒருமுறை அல்ல என்பது பார்த்தவுடன் புரியும்.

தூசி, சேறு, கடைசியில் இரும்பு

தூசிக்கும் சேற்றுக்கும் முன் எல்லாவற்றையும் மேட் வார்னிஷால் மூடுங்கள். மண் நிறத்தில் ஒரு பிக்மென்ட் தூளை முதன்மையாகத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வண்டி ஒரே நிலத்தில்தான் ஓடியிருக்கிறது. சக்கரத்தில் செம்மண்ணும் பின்பக்கத்தில் சாம்பல் மண்ணும் இருந்தால் கதை குழம்பும். காய்ந்த மண் வெளிறியும், ஈர மண் அதே நிறத்தில் கருத்தும் இருக்கும். அந்த இரண்டு அடர்த்தி போதும்.

தூசி, கிடைப் பரப்புகளிலும் மூலைகளிலும் தங்கும். ஆட்கள் நடக்கும் இடத்தில் தங்காது. தூளை உலர்வாகத் தூவி, மூலைகளுக்குப் பிரஷ்ஷால் தள்ளி, தின்னரை ஓரத்தில் ஒரு துளி விட்டால் அது ஊறிப் பரவித் தூளைப் பிடித்துக்கொள்ளும். ஊறியவுடன் எல்லாம் கருத்து, கெட்டுப்போனது போலத் தெரியும். காய விடுங்கள், வெளிறித் திரும்பிவிடும். காய்வதற்குள் பயந்து மேலும் தூவினால்தான் உண்மையில் கெடும். தூளைக் கையாளும்போதும் முகக்கவசம் வேண்டும்.

சேற்றுக்குத் தூளோடு பிளாஸ்டர் பொடியும் அக்ரிலிக் ஜெல்லும் கலந்து குழைத்து, உடலின் அடிப்பகுதியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் ஒத்தி வையுங்கள். ட்ராக் மண்ணைப் பின்னோக்கி அள்ளி எறிவதால் பின்பக்கத்தில் கூடுதலாக இருக்கும். தெறிப்புக்கு, நீர்த்த கலவையில் முரட்டு பிரஷ்ஷைத் தோய்த்து, பல் குத்தும் குச்சியில் அதன் மயிரைத் தட்டினால் போதும். வண்டிக்கு முன் ஒருமுறை காகிதத்தில் தட்டிப் பாருங்கள். முதல் தட்டில் விழும் பெரிய சொட்டுகள் 35 மடங்கில் வாளிச் சேறு.

கடைசியாக இரும்பின் மினுக்கம். ஓடுகிற ட்ராக்கில் தரையைத் தொடும் முகடுகளும், சக்கரங்கள் உருளும் உட்பக்கமும் எப்போதும் தேய்ந்து பளபளக்கும். மற்ற இடங்கள் மண்ணும் பழுப்புமாக இருக்கும். மென்மையான பென்சிலின் பக்கத்தை அந்த முகடுகளில் தேய்த்தாலே எஃகு தெரியும். கிராஃபைட் தூளை விரலில் தொட்டு, இயந்திரத் துப்பாக்கிக் குழலிலும் மூடியின் விளிம்பிலும் தடவலாம். இங்கும் எந்த வண்டி என்று பாருங்கள். பல ஷெர்மன்களின் ட்ராக்கில் தரையைத் தொடுவது ரப்பர் பட்டை. ரப்பரில் எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளி மின்னாது.

தூள் போட்ட பிறகு மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள், தூளின் மென்மை மறைந்து அது வெறும் பெயின்ட் போல ஆகிவிடும். அதனால் முடித்த மாடலைக் கையால் தொடாமல் இருப்பதே நல்லது. இதற்கு உடலை மூடி ஒட்டும் முன்பே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அடித்தகட்டில் ஒரு துளை போட்டு, உள்ளே ஒரு நட்டை ஒட்டிவிடுங்கள். பெயின்ட் வேலை நடக்கும்போது அதில் ஒரு நீள போல்ட்டைத் திருகிக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதே நட்டு, வண்டியை மரப்பலகையில் திருகி நிறுத்துவதற்கு உதவும்.